காலாட்படையில் முளைத்த கமாண்டோ

2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழை அருகே குறும்பாச்சி மலைப் பாறையிடுக்கில் சிக்கிய இளைஞரை மீட்க, வெலிங்டனிலிருந்து மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்களும் பெங்களூரிலிருந்து பாராசூட் ரெஜிமெண்ட் வீரர்களும் வந்தார்கள். அதைக் கண்ட கேரள எல்லையோரப் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ முடித்ததும் கமாண்டோ ஆகும் ஆசை எழுந்தால் வியப்பில்லை. ஆனால் கமாண்டோ படை பிறந்த விதத்தை அவர்கள் அறிய வேண்டும். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் மேஜர் மேக் சிங் காலாட்படைப் பிரிவுகளிலிருந்து தன்னார்வலர்களைத் திரட்டிய மேக்தூத் படையே, 1966இல் உருவான ஒன்பதாம் பாரா கமாண்டோ பட்டாலியனுக்கு அடித்தளம். முதலில் தேர்ந்த சிப்பாய், பிறகே கமாண்டோ.

பாரா கமாண்டோக்கள் அடங்கிய பாராசூட் ரெஜிமெண்டில் இன்று நேரடியாகவே சேரலாமே என்று கேட்கலாம். சேரலாம்தான்; ஆனால் அங்கும் கடுமையான தகுதிகாண் காலம் பலரை வடிகட்டிவிடுகிறது. தேறாதவர் வேறு பிரிவில் சிப்பாயாகத் தொடர்வார்; அதை வீட்டார் இழிவாக நினைப்பது பெரும் அநீதி. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி நான்கு ஆண்டுகளுக்குப் பின் 25 விழுக்காட்டினர் வரையே நிரந்தரமாகிறார்கள் என்பதால், வழி இன்னும் குறுகியிருக்கிறது.