உரைகல்லும் துடிக்கும் இதயமும்: கரோனரி எம்.ஆர்.ஐ. வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

1993ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் பாஸ்டன் நகரின் வாரன் மேனிங்கும் அவருடைய சகாக்களும் ஒரு தொடக்கநிலை அறிக்கையை வெளியிட்டனர். 39 பேருக்கு எடுக்கப்பட்ட காந்த ஒத்ததிர்வுப் படங்கள் வழக்கமான ஆஞ்சியோகிராமுடன் ஒப்பிடப்பட்டிருந்தன. விட்டத்தில் பாதியோ அதற்கு மேலோ குறுகிய தமனிகளுள் 90 விழுக்காட்டை எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்திருந்தது, அவ்வாறு குறுகாத தமனிகளுள் 92 விழுக்காட்டைச் சரியாகவே விலக்கியிருந்தது. தமனிக்குள் குழாய் செலுத்தாமலும் எக்ஸ்ரே கதிர் படாமலும் இதயத் தமனிகளைப் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. ஆனால் பிற மையங்கள் அதே முறையைக் கையாண்டபோது முடிவுகள் ஒன்றோடொன்று பெரிதும் முரண்பட்டன. ஏன் முரண்பட்டன என்பதில்தான் இந்த வரலாற்றின் சாரம் இருக்கிறது.

முதலில் உரைகல்லைப் பற்றி. எம்.ஆர்.ஐ. எதனோடு ஒப்பிடப்பட்டதோ அந்த ஆஞ்சியோகிராம் ஒரு விபத்தில் பிறந்தது. 1958 அக்டோபர் 30 அன்று கிளீவ்லண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளியின் மகாதமனியில் சாயம் செலுத்த முயன்றபோது, குழாயின் முனை வலது கரோனரித் தமனிக்குள் நழுவியிருந்தது. அத்தமனிக்குள் நேரடியாகச் சாயம் சென்றால் உயிர் போய்விடும் என்பதே அக்காலத்து நம்பிக்கை. இதயம் சில நொடிகள் நின்று மீண்டும் துடித்தது, நோயாளி பிழைத்தார். அதிலிருந்து வளர்ந்த முறைக்குப் பின்னாளில் ‘பொன் தரம்’ என்ற தகுதி வந்து சேர்ந்தது.

அப்பொன்னின் மாற்று எத்தனை? 1976இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வெளியான ஓர் ஆய்வில், அனுபவம் மிக்க நான்கு மருத்துவர்களிடம் ஒரே 20 ஆஞ்சியோகிராம்கள் தனித்தனியே கொடுக்கப்பட்டன. இடது முன் இறங்கு தமனியின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் உள்ள குறுக்கம் முக்கியமானதா இல்லையா என்பதில் நால்வரும் ஒத்துப்போனது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் படங்களில் மட்டுமே. 1987இல் சீமூர் கிளகோவும் குழுவினரும் உடற்கூறு ஆய்வில் பெற்ற 136 தமனிகளை அளந்து இன்னும் அடிப்படையான ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தனர். கொழுப்புப் படிவு வளரும்போது தமனி வெளிப்புறமாக விரிந்து இடம் கொடுக்கிறது; படிவு ஏறத்தாழ 40 விழுக்காட்டை எட்டும்வரை உள்வழி குறுகுவதில்லை. உள்வழியின் நிழலை மட்டுமே காட்டும் ஆஞ்சியோகிராமுக்கு அந்நோய் புலப்படாது. எம்.ஆர்.ஐ.யின் ‘பிழைகள்’ எனக் கணக்கில் வந்த ஒவ்வொன்றும் இந்த அளவுகோலை வைத்தே பிழையாயின என்பது புள்ளிவிவர அட்டவணைகளில் எழுதப்படுவதில்லை.

ஆயினும் எம்.ஆர்.ஐ.யின் இடர்ப்பாடு கற்பனையன்று. கரோனரித் தமனியின் குறுக்களவு தொடக்கத்திலேயே மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதாவது, மூன்று நான்கு புள்ளிகளுக்குள் ‘பாதி அடைப்பு’ என்று தீர்ப்பளிக்க வேண்டும். அதுவும் அசையாத பொருளில் அன்று: இதயம் துடிக்கிறது, மூச்சு வாங்கும்போது உதரவிதானத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. 1993இன் முறையில் ஒரு மூச்சடக்கலுக்கு ஒரு தளம் மட்டுமே பதிவானது. ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரே இடத்தில் நிற்காதபோது, அடுத்தடுத்த தளங்களுக்கு இடையில் தமனியின் ஒரு துண்டு காணாமற்போகலாம். பின்னர், உதரவிதானத்தின் இருப்பிடத்தை உடனுக்குடன் கண்காணித்து, குறித்த எல்லைக்குள் இருக்கும்போது மட்டும் தரவை ஏற்கும் ‘நேவிகேட்டர்’ உத்தி வந்தது. நோயாளி இயல்பாக மூச்சுவிடலாம்.

இந்த உத்தியோடு நடந்த பன்மைய ஆய்வு 2001இல் அதே இதழில் வெளியானது. ஏழு மையங்கள், 109 நோயாளிகள். இவ்வாய்வை மாணவர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். ஒரே ஆய்வுக்குள் எத்தனை நம்பகத்தன்மைகள் இருக்க இயலும் என்பதை இது காட்டுகிறது. தமனிகளின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் இருந்த 759 கூறுகளுள் 636 மட்டுமே படிக்கத்தக்கனவாக இருந்தன. அந்த 636இல் இருந்த 94 குறுக்கங்களுள் 78 பிடிபட்டன. 83 விழுக்காடு என்ற எண், தெளிவற்ற 123 கூறுகளை வெளியே நிறுத்திய பிறகு கிடைத்த எண். இடது முதன்மைத் தமனி நோயோ மூன்று தமனி நோயோ உள்ளவர்களை அடையாளம் காண்பதில் உணர்திறன் 100 விழுக்காடு. ஆனால் ஏதேனும் ஒரு கரோனரி நோய் உள்ளதா என்ற எளிய கேள்விக்கு, நோயில்லாதவர்களுள் 42 விழுக்காட்டினரை மட்டுமே எம்.ஆர்.ஐ. சரியாக விடுவித்தது. எஞ்சியோர், எந்தக் குழாய்ச் சோதனையைத் தவிர்ப்பதற்காக இக்கருவி உருவானதோ அதே சோதனைக்குத்தான் அனுப்பப்பட்டிருப்பர். மேலும், பங்கேற்ற அனைவரும் ஏற்கெனவே ஆஞ்சியோகிராமுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள். நெஞ்சுவலி என்று முதன்முதலில் மருத்துவரிடம் வரும் ஒருவருக்கு இவ்வெண்கள் அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

2010இல் ஜப்பானின் தேசியப் பன்மைய ஆய்வு, இதயம் முழுவதையும் ஒரே பதிவாக எடுத்து, 138 பேரிடம் 88 விழுக்காடு உணர்திறனையும் 72 விழுக்காடு குறித்தன்மையையும் எட்டியது. குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஆனால் காலம் காத்திருக்கவில்லை. அதே ஆண்டில் வந்த ஒரு தொகுப்பாய்வு சி.டி.யின் உணர்திறனை 97.2 எனவும் எம்.ஆர்.ஐ.யினதை 87.1 எனவும் கணித்தது. குறித்தன்மை முறையே 87.4, 70.3. சில நொடிகளில் முடியும் சி.டி.யிடம் எம்.ஆர்.ஐ. பந்தயத்தை இழந்தது என்றே சொல்ல வேண்டும். சுண்ணாம்பு படிந்த தமனியில் சி.டி. தடுமாறும், எம்.ஆர்.ஐ. தடுமாறாது என்பதும், அதற்குக் கதிர்வீச்சு இல்லை என்பதும் அத்தோல்வியை மாற்றவில்லை. தமனிகள் பிறவியிலேயே இடம் மாறி முளைத்தவர்களையும், கவாசாகி நோயால் தமனி வீங்கிய குழந்தைகளையும் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கும் இடங்களில் மட்டும் அது நிலைத்தது. அங்கே தேடப்படுவது மில்லிமீட்டர்க் குறுக்கம் அன்று. தமனி செல்லும் பாதையும் வீக்கத்தின் அளவும்தான்.

இதற்கிடையே கேள்வியே மாறிக்கொண்டிருந்தது. தமனி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை விட்டு, இதயத் தசைக்கு இரத்தம் போதிய அளவு போகிறதா என்று எம்.ஆர்.ஐ. கேட்கத் தொடங்கியது. லீட்ஸ் நகரில் 752 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ‘சி.ஈ.-மார்க்’ ஆய்வில், பல கூறுகளைக் கொண்ட எம்.ஆர்.ஐ. சோதனை 86.5 விழுக்காடு உணர்திறனையும், நெடுநாள் வழக்கிலிருந்த அணுக்கரு ஸ்கேன் 66.5 விழுக்காட்டையும் காட்டின. 2019இல் ‘எம்.ஆர்.-இன்ஃபார்ம்’ ஆய்வு 918 நோயாளிகளை இரு பிரிவாக்கியது: ஒரு பிரிவுக்கு எம்.ஆர்.ஐ. இரத்தவோட்டச் சோதனை வழிகாட்டியது. மறு பிரிவுக்குக் குழாய்வழி அழுத்த அளவீடு. இம்முறை எந்தப் படமும் உரைகல்லாக வைக்கப்படவில்லை. ஓராண்டுக்குள் எத்தனை பேர் இறந்தனர், எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது, எத்தனை பேருக்கு மீண்டும் அடைப்பு நீக்க நேர்ந்தது என்பதே எண்ணப்பட்டது. அந்தக் கணக்கில் எம்.ஆர்.ஐ. தாழ்ந்ததாக இல்லை, அதன் வழிகாட்டலில் அடைப்பு நீக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களும் குறைவாகவே இருந்தனர்.