‘என் சரித்திரம்’ நூலில் நினைவின் மறுகட்டமைப்பு: 1880ஆம் ஆண்டுச் சந்திப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தன்வரலாறு நடந்தவற்றின் பதிவு மட்டுமன்று. எழுதும் காலத்தில் நின்று கடந்த காலத்தை ஒழுங்குபடுத்தும் செயலுமாகும். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ விவரிக்கும் சேலம் இராமசாமி முதலியாருடனான சந்திப்பைக் கொண்டு, தனிமனித நினைவு இலக்கிய வரலாறாக மாறும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தன்வரலாறு, நினைவு, பதிப்பு வரலாறு, உ.வே.சா., சிற்றிலக்கியம்.

முன்னுரை

நினைவு என்பது சேமித்து வைத்ததை அப்படியே எடுத்துத் தருவதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் நிறுவினார். தனிமனிதரின் நினைவும் சமூகச் சட்டகங்களுக்குள்தான் உருப்பெறுகிறது என்பது பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொரீஸ் ஆல்வாக்ஸ் 1925இல் முன்வைத்த கருத்து. இவ்விரு கருத்துகளும் தன்வரலாற்றைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாய்வுக்கு இன்றியமையாதவை.

எழுதப்பட்ட சூழல்

1855இல் பிறந்த சாமிநாதையர், ஆனந்த விகடனில் இத்தொடரை 1940இல் தொடங்கியபோது எண்பத்தைந்தாம் வயதை நெருங்கியிருந்தார். 122 அத்தியாயங்கள் வெளிவந்த நிலையில், 1942 ஏப்ரல் 28 அன்று அவர் மறைந்ததால் தொடர் முற்றுப்பெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு வரலாறு நின்றுவிடுகிறது. 1950இல் அது நூலாக்கம் பெற்றது.

தொடர் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே சீவகசிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியவற்றின் பதிப்பாசிரியராக அவர் நிலைபெற்றிருந்தார். எனவே, கதையின் முடிவை எழுதியவரும் அறிவார், வாசித்தவரும் அறிவர். இவ்வறிவே கடந்தகால நிகழ்ச்சிகளில் எது திருப்புமுனை என்பதைத் தீர்மானிக்கிறது.

சந்திப்பும் அதன் நினைவும்

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்ற 1880ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 21 அன்று, அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கலம்பகங்கள், புராணங்கள் ஆகியவற்றை அவர் பட்டியலிட, முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாமல் பழைய நூல்களைப் பற்றி வினவினார். பின்னர் சிந்தாமணியின் கையெழுத்துப் படியையும் அளித்தார். அதன்வழித் தொடங்கிய பாடமும் ஆராய்ச்சியுமே 1887ஆம் ஆண்டுப் பதிப்பில் முடிந்தன.

இந்நிகழ்ச்சிக்கும் அது எழுதப்பட்டதற்கும் இடையே அறுபது ஆண்டுகள் உள்ளன. ஒரு தேதியைக் குறிப்போ கடிதமோ காத்திருக்கலாம். ஆனால், நேர்கூற்றில் அமைந்த வினாவிடைகளின் ஒழுங்கு நினைவின் ஆக்கமே. அறியாமையிலிருந்து விழிப்புக்கு நகரும் வகையில் அக்காட்சி கட்டப்பட்டுள்ளது. இதனைப் பொய்ம்மை எனக் கொள்ளலாகாது. எதிர்காலம் தெரிந்தபின் ஒரு நாளின் பொருள் கூடிவிடுகிறது என்பதே இங்குப் பெறப்படும் உண்மை.

பிற சான்றுகள்

பழந்தமிழ் நூல்கள் அச்சேறியது இச்சந்திப்புக்குப் பின்னர்தான் என்று கொள்வதற்கில்லை. சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை எச். பவர் 1868இலேயே உரையுடன் பதிப்பித்திருந்தார். சி.வை. தாமோதரம் பிள்ளை வீரசோழியத்தை 1881இலும், இறையனார் அகப்பொருளை 1883இலும், கலித்தொகையை 1887இலும் வெளியிட்டார். ஆகவே, 1880 சாமிநாதையரின் வாழ்வில் திருப்புமுனை. தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலோ பல நிகழ்வுகளுள் ஒன்று. எனினும், இலக்கிய வரலாற்று எழுத்தில் இச்சந்திப்பு ஒரு தொடக்கக் குறியீடாகவே ஆளப்படுகிறது. தமிழ் இலக்கியப் பண்பாட்டின் மரபுவழியை ஆராய்ந்த நார்மன் கட்லரின் 2003ஆம் ஆண்டுக் கட்டுரையும் இந்நிகழ்ச்சிக்கு முதன்மை தருகிறது.

நூலின் உள்முரண்

திருப்புமுனைக்கு எதிரான சான்றும் அந்நூலுக்குள்ளேயே உள்ளது. மொத்த அத்தியாயங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இச்சந்திப்புக்கு முற்பட்ட வாழ்வையே விவரிக்கின்றன. 1871 முதல் 1876இல் ஆசிரியர் மறையும் வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டது, திருவாவடுதுறை மடத்தின் புலமைச் சூழல், தலபுராணங்கள் இயற்றப்பட்டு அரங்கேறிய விதம் முதலியன நுண்ணிய விவரங்களுடன் பதிவாகியுள்ளன. முதலியார் பயனற்றதெனக் கருதிய கல்வியைத்தான் முதுமையின் நினைவு மிகுந்த பரிவுடன் மீட்டெடுக்கிறது. 1933–34இல் தம் ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை இரு பாகங்களாக அவர் வெளியிட்டதும் இங்கு எண்ணத்தக்கது.

முடிவுரை

நிகழ்ச்சி, அதன் நினைவு, அந்நினைவைப் பிற்காலத்தார் ஆண்ட முறை ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்குவது தன்வரலாற்று ஆய்வின் முதற்கடமை. அவற்றை ஒன்றெனக் கொண்டால், ஒருவர் தம் வாழ்வுக்கு வகுத்த ஒழுங்கு ஓர் இலக்கியத்தின் வரலாறாகிவிடும். அதன் விளைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிற்றிலக்கியங்களும் தலபுராணங்களும் வாசிக்கப்படாமலேயே மதிப்பிழக்கும். அவ்விலக்கியம் உயிருடன் இயங்கிய விதத்தை அறிவதற்கான முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகவும் ‘என் சரித்திரம்’ திகழ்கிறது. 1880க்கு முற்பட்ட அத்தியாயங்களை முன்னுரையாகக் கடந்து செல்லாமல், அவற்றையே மையமாகக் கொண்டு அந்நூலை மீள வாசித்தல் வேண்டும்.