வன்னியின் அவசரக் கலியாணங்கள்



காதல், திகில், குடும்ப இரகசியம், மனவடு எல்லாம் நாவலில் வரும் விடயங்கள் என்றுதான் பலர் நினைக்கிறோம். வன்னியில் இவை நான்கும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. 2006 முதல் 2009 வரை நடந்த கலியாணங்களைப் பற்றித்தான் சொல்கிறோம்.

2006இல் போர் மறுபடி தொடங்கியதும் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டாய ஆட்சேர்ப்பை இறுக்கினார்கள். 2008இல் அது ஒருவரோடு நிற்கவில்லை. கலியாணம் கட்டியவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், பெற்றோர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள். சிலர் விரும்பியவரையே கட்டினார்கள். சிலர் மாப்பிள்ளையின் முகத்தை அன்றுதான் கண்டார்கள். கலியாணமும் எல்லோரையும் காப்பாற்றவில்லை.

1995இன் திருத்தப்படி பொதுச் சட்டத்தில் திருமண வயது 18. அதனால் அந்தக் கலியாணங்களில் பல பதியப்படவேயில்லை. 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது. செட்டிகுளம் முகாமுக்குக் கைக்குழந்தையோடு வந்த இளம் தாய்மாரில் சிலருக்குக் கணவன் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. 2010இன் சட்டம் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி செய்தது. 2016இன் திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. பதிவில்லாத மனைவி எந்த உறவைக் காட்டி அதைக் கேட்பாள்?

எங்களில் பலர் அப்போது இங்கில்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சியிலிருந்து போன எங்கள் குடும்பங்கள் புத்தளத்தில் இருந்தன. போர் முடிந்த பிறகு திரும்பி வந்து படிப்பிக்கத் தொடங்கினோம். அந்தக் குழந்தைகள் வளர்ந்து எங்கள் வகுப்புகளுக்கு வந்தார்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்கு முன் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பழைய படிவத்தில் பெற்றோர் திருமணம் செய்தவர்களா என்றொரு கூடு உண்டு. திருமணப் பதிவு இல்லையென்றால், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால்தான் தகப்பன் பெயரைப் போடுவார்கள். தகப்பன் காணாமற்போயிருந்தால் அந்தக் கூடு வெறுமையாகவே இருக்கும். பதினைந்து வருடமாகத் தாய் மூடி வைத்ததை ஒரு கடதாசி ஒரு நிமிடத்தில் பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது.

இந்த மௌனம் எங்களுக்குப் புதிதல்ல. விட்டு வந்த வீட்டையும் கிணற்றையும் பற்றி எங்கள் வாப்பாமாரும் உம்மாமாரும் எவ்வளவோ சொன்னார்கள். வழியில் பட்ட அவமானத்தை மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் மறைத்தார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அது ஏதோ வீட்டுக் குற்றம்போலவே பட்டது.

போரின் காயம் தனி மனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்கும் என்று மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்ட காலமாக எழுதி வருகிறார். அப்படியென்றால் ஆறுதலும் குடும்பத்திலும் ஊரிலும்தான் தொடங்க வேண்டும்.

தாய்மாரே, கடதாசி சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள். நீ வெட்கத்தில் பிறந்தவனல்ல, பயந்த காலத்தில் பிறந்தவன் என்று சொல்லுங்கள். ஆசிரியர்களே, தகப்பன் பெயரை வகுப்பின் முன்னால் கேட்காதீர்கள். தனியாக அழைத்துக் கேளுங்கள். ஊரவர்களே, அந்தக் கலியாணங்களைக் கேலி பேசாதீர்கள். அவை இந்த மண்ணின் வரலாறு.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.