ஊசிக்குத்தை மறைக்கலாமா?

லவால் நகரின் வைத்தியசாலைகளிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் எம்மினப் பெண்கள் பலர் தாதியராகவும் பராமரிப்பு உதவியாளராகவும் பணிபுரிகின்றனர். இரவுப் பணியின்போது நோயாளிக்கு ஏற்றிய ஊசி தன் விரலிற் குத்தியதை மேலாளரிடமும் கூறாது, வீட்டாரிடமும் கூறாது மறைத்துவிடும் சகோதரிகள் எம்மிடையே உள்ளனர். "கவனமில்லாதவள் என்பார்கள், வேலை போய்விடும்" என்ற அச்சமே அதற்குக் காரணம். அவ்வச்சம் எத்துணை தவறானது என்பதை வரலாறு எமக்கு உணர்த்துகின்றது.

வியன்னாவில் ஒரு கத்திக்காயம்

1847 ஆம் ஆண்டு வியன்னா பொது வைத்தியசாலையில் இரு மகப்பேற்றுப் பிரிவுகள் இயங்கின. முதலாவதில் மருத்துவ மாணவரும் இரண்டாவதில் மருத்துவிச்சிகளும் பயிற்சி பெற்றனர். பிரசவக் காய்ச்சலால் மாண்ட தாய்மாரின் தொகையோ, மருத்துவ மாணவர் பயின்ற பிரிவிலேயே மிக அதிகமாயிருந்தது. அங்கு பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மெல்வைஸ் இதன் காரணமறியாது தவித்தார்.

அவ்வேளையில் அவரது நண்பர் பேராசிரியர் யாக்கோப் கொலெட்ஷ்கா, பிரேத பரிசோதனையின்போது மாணவனொருவனின் கத்தி விரலிற் பட்டமையால் நோயுற்று மார்ச் மாதத்தில் மரணமானார். மாண்ட தாய்மாரின் உடல்களிற் காணப்பட்ட அதே மாற்றங்கள் அவரது உடலிலும் காணப்பட்டன. பிரேத அறையின் நஞ்சை மாணவரின் கைகளே பிரசவ அறைக்குக் காவி வந்தன என்பது செம்மெல்வைசுக்குப் புலனாயிற்று. மருத்துவிச்சிகளோ பிரேதங்களைத் தொடுவதில்லை. குளோரின் கரைசலிற் கைகழுவும் முறை மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரலில் 100 பேருக்கு 18 ஆயிருந்த மரணம், யூனில் ஏறத்தாழ 2 ஆக வீழ்ந்தது. அறியப்பட்ட ஒரு காயம் எண்ணற்ற தாய்மாரைக் காத்தது.

அதே 1847 இல்தான் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் எம்மவர்க்கு மருத்துவம் கற்பித்ததோடு மருத்துவ நூல்களைத் தமிழிலும் ஆக்கித் தந்தார். பிறருக்குப் பணிசெய்யும் அந்த மரபு எம்முடன் கடல் கடந்து வந்துள்ளது. நோவைச் சொல்லாது பொறுத்துக்கொள்ளும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

பேசத் துணிந்த தாதி

1984 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ ஏடான 'லான்செட்', ஊசிக்குத்தினால் எயிட்ஸ் வைரசு தொற்றிய தாதியொருவரைப் பற்றி முதன்முதலில் அறிவித்தது. 1987 இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம், எந்நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிப் பணிபுரியுமாறும், பாவித்த ஊசியை மீண்டும் மூடியிற் செருக வேண்டாமென்றும் அறிவுறுத்தியது.

1998 இல் அமெரிக்கத் தாதி கரன் டேலி, பாவித்த ஊசியைக் கழிவுப்பெட்டியிற் போடும்போது குத்துப்பட்டு, எயிட்ஸ் வைரசும் ஹெப்பற்றைற்றிஸ் சி வைரசும் தொற்றப்பெற்றார். அவர் அதை மறைக்கவில்லை. நாடறியப் பேசினார். 2000 நவம்பரில் ஜனாதிபதி கிளின்ரன் ஊசிக்காயத் தடுப்புச் சட்டத்தில் ஒப்பமிட்டார். கனடாவில் மனிற்றோபா, சஸ்கச்சுவான் மாகாணங்கள் 2006 இலும், ஒன்ராறியோ தனது வைத்தியசாலைகளுக்கு 2008 இலும் பாதுகாப்பு ஊசிகளைக் கட்டாயமாக்கின.

கியூபெக்கில் எமது உரிமை

கியூபெக்கில் 1979 இன் தொழிற் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளியின் உடல்நலத்தைக் காக்கும் கடமையை வேலைகொள்வோர் மீது சுமத்தியுள்ளது. வேலைக்காயத்துக்கு நட்டஈடு கோரியமைக்காக எவரையும் வேலைநீக்கம் செய்வதையோ பழிவாங்குவதையோ சட்டம் தடைசெய்கின்றது. முன்னர் சிஎஸ்எஸ்ரி என அறியப்பட்டு, 2016 முதல் சிஎன்ஈஎஸ்எஸ்ரி என வழங்கும் ஆணையமே இதற்குப் பொறுப்பாகும்.

ஹெப்பற்றைற்றிஸ் சி பல ஆண்டுகள் அறிகுறியின்றி உடலிற் தங்கக்கூடியது. குத்துப்பட்ட அன்றே பதிவு செய்யாவிடின், பின்னாளில் நோய் வெளிப்படும்போது அது வேலையிற் பெற்றதென நிறுவுவது மிகக் கடினம். மறைத்தவர் நோயையும் சுமந்து, உரிமையையும் இழப்பார்.

குத்துப்பட்டால் உடனே சவர்க்காரமிட்டு நீரிற் கழுவுங்கள். இரத்தத்தைப் பிதுக்க வேண்டாம். மேலாளரிடம் அறிவித்துப் பதிவேட்டில் எழுதுவித்து, தாமதியாது மருத்துவரை நாடுங்கள். எயிட்ஸ் வைரசுள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினாற்கூடத் தொற்று ஏற்படுவது 1000 இல் ஏறத்தாழ 3 பேருக்கே. தடுப்பு மருந்து தேவையெனில் அதனைச் சில மணித்தியாலங்களுள், பிந்தினும் 72 மணித்தியாலங்களுள் தொடங்கி, 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும்.

ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி பெறாதவருக்கு ஆபத்து மிக அதிகம். தொற்றுள்ள இரத்தமாயின் 100 இல் 6 முதல் 30 பேர் வரை பாதிக்கப்படலாம். கியூபெக் பாடசாலைகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இத்தடுப்பூசி 1994 முதல் வழங்கப்பட்டது. இலங்கையிற் குழந்தைகளுக்கு 2003 இல்தான் அறிமுகமாயிற்று. எனவே பிள்ளைகள் பெற்ற பாதுகாப்பைத் தாய்மார் பெறாதிருக்கலாம். இப்பணிகளில் உள்ள ஒவ்வொரு சகோதரியும் தன் தடுப்பூசி அட்டையை இன்றே பார்த்தல் வேண்டும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. குத்துப்பட்டு வந்தவளிடம் "ஏன் கவனமாயிருக்கவில்லை?" என்று கேளாதீர்கள். "பதிவு செய்தாயா?" என்று கேளுங்கள்.