காலில் இறங்கிய நீர்: ஈரல் நோயும் புரத உற்பத்தியும்

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தமிழரும் மூணாறு, பீர்மேடு தோட்டத் தமிழரும் நாள்பட்ட ஈரல் நோயைப் பற்றிப் பேசும்போது 'நீர்' என்ற சொல் தவறாமல் வந்துவிடும். மலையாளத்தில் நீர் என்றாலே வீக்கம் என்றும் பொருள். தமிழில் கால் நீர் கோக்கிறது. வயிறு பெருத்தால் இரு மொழிக்கும் பொதுவான மகோதரம். (ஈரலைக் குறிக்கும் மலையாளக் 'கரள்' அன்புக்குரியவரை விளிக்கவும் பயன்படுவது தனி ஆய்வுக்குரியது.) சொற்கள் அனைத்தும் நீரையே சுட்டுகின்றன, அந்நீரைக் குருதிக்குழாய்க்குள் பிடித்துவைக்கும் புரதத்துக்கு வழக்கில் பெயரில்லை.

அப்புரதத்தின் பங்கை 1896இல் விளக்கியவர் ஆங்கிலேய உடலியலாளர் ஸ்டார்லிங். குருதியின் புரதங்கள் நீரை உள்ளிழுக்கின்றன. அவை குறைந்தால் நீர் கசிகிறது. அவற்றுள் முதன்மையான அல்புமினை உற்பத்தி செய்வது ஈரல் ஒன்றே. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 கிராம். ஈரல் கெட்டால் உற்பத்தி குறையும், உற்பத்தி குறைந்தால் கால் வீங்கும் என்பது எளிதில் பிடிபடும் விளக்கம். எளிமையே அதன் குறை.

1940களின் பிற்பகுதியில், பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் இராமலிங்கசுவாமியும் கோபாலனும் பணியாற்றினர். புரதக் குறைவால் உடல் வீங்கி, ஈரலில் கொழுப்பேறிய குழந்தைகள் அக்கால ஆய்வின் மையம். அங்கு ஆலை பழுதாகவில்லை; மூலப்பொருளே வரவில்லை. பெரியோரின் ஈரல் சுருக்கத்துக்கும் உணவுக்குறைவே வேரா என்ற விவாதமும் அப்போது உலகெங்கும் நடந்தது. நியூயார்க்கில் பேட்டெக், ஈரல் சுருக்க நோயாளிகளுக்குப் புரதம் மிகுந்த உணவளித்து நலம் கண்டதை 1941இல் வெளியிட்டிருந்தார்.

பின்னர் எதிர்க்காற்று வீசியது. குடலிலிருந்து வரும் குருதி ஈரலைச் சுற்றிச் செல்லுமாறு அறுவை செய்யப்பட்ட நாய்கள் இறைச்சி தின்றதும் மனக்கலக்கம் உற்றதை 1893இலேயே பாவ்லோவ் குழுவினர் கண்டிருந்தனர். 1952இல் பாஸ்டன் மருத்துவர்கள், நைட்ரசன் மிகுந்த பொருள்கள் ஈரல் நோயாளிகளை மயக்கத்தின் விளிம்புக்குத் தள்ளக்கூடும் எனக் காட்டினர். அதன்பின் புரதக் கட்டுப்பாடு பல பத்தாண்டுகள் பாடநூல் விதியாயிற்று. பருப்பும் முட்டையும் மீனும் விலக்கும் பத்தியத்தை 'நாட்டு மூடநம்பிக்கை' என்று ஒதுக்குவோர் இதை மறந்துவிடுகின்றனர். உப்பைக் குறைப்பதற்கு இன்றும் நியாயம் உண்டு. புரதத்தை விலக்கியதில் நவீன மருத்துவத்துக்கும் பங்குண்டு.

இக்காலத்தில்தான் எளிய விளக்கமும் ஆட்டங்கண்டது. ராத்ஸ்சைல்டு, ஒராட்ஸ், ஷ்ரைபர் ஆகியோர் கார்பன்-14 கொண்டு அல்புமின் உற்பத்தியை நேரடியாக அளந்தனர். 1969இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: மகோதரம் கண்ட ஈரல் சுருக்க நோயாளிகள் சிலரிடம் உற்பத்தி இயல்பளவிலும், சிலரிடம் அதற்கு மேலும் இருந்தது. குருதியில் அளவு குறைவு; ஆலையோ ஓடிக்கொண்டிருந்தது. புதிதாகப் பிறந்த அல்புமினின் ஒரு பகுதி குருதியைச் சேராமலே நேரே வயிற்று நீருக்குள் சென்றது. உடலில் தேங்கிய உப்பும் நீரும் எஞ்சியதை நீர்த்துப்போகச் செய்தன. இரத்த அறிக்கையில் உள்ள அல்புமின் எண் உற்பத்தியின் அளவுகோல் அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறொன்றை நான் படித்ததில்லை.

உற்பத்தியை ஆள்வது எது? ஈரல் உயிரணுவைச் சூழ்ந்த நீர்மத்தின் கூழ்ம அடர்த்தி ஒன்று: வேறு கூழ்மங்களை ஏற்றினால் அல்புமின் உற்பத்தி தணிகிறது. அழற்சி மற்றொன்று: இன்டர்லூகின்-6 போன்ற சமிக்ஞைகள் எழுந்தால் ஈரல் அல்புமினைக் கைவிட்டு அவசரகாலப் புரதங்களுக்குத் திரும்புகிறது. நோய் முற்றும்போது உற்பத்தி உண்மையிலேயே வீழ்வதும் உண்டு. ஆயினும் விரைந்து செயல்படுவது உணவு. விலங்காய்வுகளில் ஒரு நாள் பட்டினியிலேயே உற்பத்தி ஏறக்குறையப் பாதியாயிற்று, தூது ஆர்.என்.ஏ.வில் கோத்திருந்த ரைபோசோம்கள் உதிர்ந்தன. டிரிப்டோஃபேன் முதலிய அமினோ அமிலங்கள் கிடைத்ததும் மீண்டும் கோத்துக்கொண்டன. இதன்படி, பத்தியம் ஆலையின் வாயிலையே அடைக்கிறது.

பார்சிலோனாவில் கோர்டோபா குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு விதியைத் திருப்பிப்போட்டது. ஈரல் நோயால் மனக்கலக்கம் கண்டு சேர்க்கப்பட்டவர்களில் ஒரு பிரிவுக்கு வழமையான புரதமும் மற்றதற்குக் கட்டுப்பாடும் தந்தனர். கலக்கம் தெளிவதில் வேறுபாடில்லை. கட்டுப்பாட்டுப் பிரிவில் உடற்புரதச் சிதைவே மிகுந்தது. 2021இல் இந்திய ஈரல் ஆய்வுச் சங்கமும், நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்றது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம்.

சித்தூரிலிருந்து கோவைக்கும், பீர்மேட்டிலிருந்து தேனிக்கோ கோட்டயத்துக்கோ செல்லும் நோயாளி மலையாளத்திலோ தமிழிலோ கேட்டுத் திரும்பும் அறிவுரை பெரும்பாலும் 'பத்தியம்' என்ற ஒரே சொல்லில் முடிகிறது. மருத்துவர் உப்பைக் கருதிச் சொல்ல, வீட்டார் முட்டையையும் நிறுத்திவிடுகின்றனர். ஈரல் சுருக்க நோயாளியின் ஓர் இரவுப் பட்டினி, நலமுள்ளவரின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்கு நிகர் என்று அளந்திருக்கிறார்கள். எனவே மாலை ஆறு மணிக்கே கஞ்சியோடு உணவை முடித்துக்கொள்பவருக்கு, உறங்கப்போகும் முன் இன்னொரு சிறு உணவும் தேவை.