மூடுபனியில் லேசர் எதுவரை வழிகாட்டும்?

1980 ஏப்ரலில், ஈரானில் பிணைக் கைதிகளாக வைக்கப்பட்டிருந்த தனது நாட்டவரை மீட்க அமெரிக்கா எட்டு ஹெலிகாப்டர்களை அனுப்பியது. புழுதிப் படலமும் இயந்திரக் கோளாறுகளும் சேர்ந்து அம்முயற்சியைப் பாதி வழியிலேயே கைவிடச் செய்தன. திரும்பப் புறப்படும் வேளையில், கிளம்பிய புழுதியில் ஒரு ஹெலிகாப்டர் அருகே நின்ற சரக்கு விமானத்தின் மீது மோதியது. எட்டு வீரர்கள் மாண்டனர். எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

கண்ணுக்குத் தெரியாத தரையை அறிவது எப்படி என்பது ராணுவ விமானிகளுக்குப் பழைய கேள்வி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன், ஓடுபாதையின் இருமருங்கிலும் பெட்ரோலை எரித்து, அந்த வெப்பத்தால் மூடுபனியைக் கலைத்து விமானங்களை இறக்கியது. செலவு மிகுந்த முறைதான். ஆனால் பலன் தந்தது.

இன்று பலரும் நம்புவது லேசர் தொலைவுமானியை. மிகக் குறுகிய ஒளித்துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளப்பதே அதன் வேலை. ஒளி, ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 செ.மீ. செல்லும், போய்வரும் பயணம் என்பதால் அந்நேரம் 15 செ.மீ. தொலைவைக் குறிக்கும். ஆகவே, சக்கரத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைச் சாண் கணக்கில் சொல்லிவிடலாம். கற்றை குறுகியது என்பதால், ரேடியோ அலையைவிட அதை எதிரி கண்டறிவதும் குலைப்பதும் கடினம். வழிகாட்டும் கருவிகள் ஏதுமற்ற முன்னணித் தளங்களில் இறங்க வேண்டிய படைகளை இது ஈர்ப்பதில் வியப்பில்லை.

சிக்கல் இயற்பியலில் இருக்கிறது. மூடுபனித் துளிகள் ஏறத்தாழ 10 மைக்ரான் அளவுடையவை. லேசரின் அலைநீளமோ ஒன்று, ஒன்றரை மைக்ரான். அத்துளிகள் நம் பார்வையைச் சிதறடிப்பதைப் போலவே லேசரையும் சிதறடிக்கின்றன. மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் இறங்கும் போர் விமானம் விநாடிக்கு 70 மீட்டர் கடக்கிறது. கருவி 200 மீட்டர் வரைதான் பார்க்கும் என்றால், விமானிக்குக் கிடைப்பது மூன்று விநாடி கூட இல்லை!

புழுதியில் நிலைமை சற்று மேல். ஒரே துடிப்பின் ஒரு பகுதி புழுதியிலும், எஞ்சியது தரையிலும் பட்டுத் திரும்பும். முதலில் வருவதை ஒதுக்கிக் கடைசியில் வருவதைத் தரையெனக் கொள்வது ஓர் உத்தி. புழுதி அடர்ந்தால் அதுவும் கைகொடுக்காது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு, புழுதியில் ஹெலிகாப்டரை இறக்கும் 'சாண்ட்பிளாஸ்டர்' திட்டத்துக்கு மில்லிமீட்டர் அலை ரேடாரைத் தேர்ந்தது இதனால்தான். அதன் படம் லேசர் படத்தைப்போலத் துல்லியமாக இராது; ஆனால் புழுதியையும் பனியையும் ஊடுருவும்.

எனவே, தொலைவிலிருந்து ஓடுபாதையைக் காட்டும் பொறுப்பை ரேடாருக்கும், கடைசிச் சில மீட்டர் உயரத்தை அளக்கும் பொறுப்பை லேசருக்கும் பிரித்துக் கொடுப்பதே சரியென நான் கருதுகிறேன். ஓடுபாதையோரம் நின்று மேகத்தின் அடித்தள உயரத்தை அளக்கும் வேலையையும் லேசர் ஏற்கெனவே செவ்வனே செய்து வருகிறது. இத்தகைய கருவிகளை வாங்கும் அரசுகள், தெளிந்த வானில் அது எத்தனை கிலோமீட்டர் பார்க்கும் என்று விற்பவர் சொல்லும் கணக்கோடு நின்றுவிடாமல், அடர்பனியில் அளந்து காட்டிய தொலைவையும் ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெற வேண்டும்.