ஒளியை மருந்தாக நம்பிய தாம்பரம்

1928-ல் சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில், பச்சைமலை அடிவாரத்தில் ஒரு காசநோய் மருத்துவமனை உருவானது. சுமார் 250 ஏக்கர் காட்டு நிலம், மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி வார்டுகள். அதைத் தொடங்கிய டாக்டர் டேவிட் சௌரிமுத்துவுக்கு அப்போதே வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் சொந்தமாக ஒரு சானடோரியம் நடத்தி, அந்த அனுபவத்தைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர் அவர். 1917-ல் உடல்நலம் குன்றிய கணிதமேதை ராமானுஜன் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்த இடங்களில் அந்த மெண்டிப் சானடோரியமும் ஒன்று.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே அடையாளம் காட்டிவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மாத்திரையோ ஊசியோ 1928-ல் உலகில் எங்குமே இல்லை. மருத்துவர்கள் நம்பியிருந்தவை நல்ல காற்று, வெளிச்சம், ஓய்வு, பால், முட்டை. பெரிய ஜன்னல்கள், திறந்த தாழ்வாரங்கள், கட்டிலோடு நோயாளியை வெளியே கொண்டுவந்து கிடத்த இடம் என்று சானடோரியங்களின் கட்டட அமைப்பே இந்த நம்பிக்கையிலிருந்து பிறந்தது.

நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. வெயில் படும் இடத்தில் பாக்டீரியா வளராது என்பதை 1877-ல் டவுன்ஸ், பிளண்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் சோதனைக் குழாய்களை வைத்துக் காட்டியிருந்தார்கள். அதை மருத்துவமாக மாற்றியவர் டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன். முகத்தை அரிக்கும் தோல் காசநோய்க்கு அவர் கார்பன் வில் விளக்கின் ஒளியைப் பயன்படுத்தினார். சிகிச்சை நடந்த விதம் இது: விளக்கிலிருந்து குழாய்கள் இறங்கும், அவற்றின் வழியே வரும் ஒளியைப் படிக லென்சுகள் ஒரு புள்ளியில் குவிக்கும், சூடு தோலைச் சுடாமலிருக்க நடுவே தண்ணீர் ஓடும். பக்கத்தில் அமர்ந்திருக்கும் செவிலி ஒரு படிக வில்லையைப் புண்ணின்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்வார். அழுத்தும்போது அந்த இடத்து ரத்தம் விலகும், ஒளி கொஞ்சம் ஆழமாக இறங்கும். காசளவு இடத்துக்கு ஒரு மணி நேரம் வரை ஆகும். பல மாதங்கள் தொடரும். 1903-ல் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே அவர் இறந்துபோனார்.

அதே 1903-ல் சுவிட்சர்லாந்தின் லேசான் மலைக்கிராமத்தில் ஓகுஸ்த் ரோலியே வெயில் சிகிச்சை மருத்துவமனையைத் திறந்தார். எலும்பிலும் மூட்டிலும் காசநோய் கண்டவர்களே அவரிடம் அதிகம் வந்தார்கள். அவருடைய ஒழுங்குமுறை பாதத்திலிருந்து தொடங்கும். முதல் நாள் பாதத்தில் மட்டும் ஐந்தைந்து நிமிட வெயில். மறுநாள் பாதத்துக்கு நேரம் கூடும், கெண்டைக்கால் திறக்கப்படும். அடுத்து தொடை, அப்புறம் வயிறு, கடைசியில் மார்பு. நோய் எங்கே இருந்தாலும் வெயில் கால் வழியாகத்தான் மேலேற வேண்டும் என்பது அவர் விதி.

பனிமலைச் சூரியன் எல்லா ஊரிலும் கிடைக்காதே! அந்தக் குறையைத் தீர்க்க விளக்கு வந்தது. 1919-ல் பெர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, பாதரச ஆவி விளக்கின் புற ஊதா ஒளியால் குழந்தைகளின் எலும்பு மெலிவு நோய் குணமாவதை எக்ஸ்ரே படங்களோடு நிரூபித்தார். அதன் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ‘சூரிய விளக்குகள்’ கடைகளுக்கு வந்தன. எலும்பு மெலிவுக்குக் காரணம் வைட்டமின் டி குறைபாடு. ஒளி தோலில் பட்டாலே உடல் அதைத் தயாரித்துக்கொள்ளும். அதனால் அங்கே விளக்கு பலித்தது. ஆனால் விற்றவர்கள் அத்தோடு நிற்கவில்லை. சளி, சோர்வு, ரத்தக்குறைவு என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒரு நோயில் கிடைத்த உண்மையான வெற்றியைக் காட்டி ஒன்பது நோய்க்கு விளக்கு விற்ற காலம் அது.

நுரையீரல் விஷயம் வேறு. தோல்மேல் இருந்த கிருமியை ஃபின்சனின் ஒளி எட்டியது. நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் கிருமியை எந்த வெயிலும் எட்டாது. வெளிச்சமும் காற்றும் வார்டில் தொற்றைக் குறைத்தன, ஓய்வும் உணவும் உடம்பைத் தேற்றின. அதற்கு மேல் நோயாளியின் உடல்வலுதான். 1937-ல் சௌரிமுத்துவிடமிருந்து மருத்துவமனையைச் சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்ட பிறகும் இந்த நிலைமை மாறவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின், பிஏஎஸ், 1952-ல் ஐசோனியாசிட் என்று மருந்துகள் ஒவ்வொன்றாக வந்த பிறகுதான் மாறியது.

மருந்து வந்ததும் புதுக் கேள்வி எழுந்தது: இனி சானடோரியம் எதற்கு? இதற்கு உலகம் ஏற்றுக்கொண்ட பதிலைத் தந்தது சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை கைகோத்த முயற்சி அது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். மறு பாதி அவரவர் வீட்டில். இரு பக்கமும் ஓராண்டுக்கு ஒரே மருந்துதான்: ஐசோனியாசிட், பிஏஎஸ்.

வீடு என்றால் நெருக்கடியான அறை, அரை வயிற்றுச் சாப்பாடு, முடிந்தபோதெல்லாம் வேலை. ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணுவார்கள், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதிப்பார்கள். 1959-ல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் கூடவே இருந்த உறவினர்களுக்குத் தொற்றும் அதிகமாகவில்லை. பிறகு ஐந்தாண்டு வரை பின்தொடர்ந்து பார்த்தபோதும் வீட்டுச் சிகிச்சை தோற்கவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கும், காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வருவதற்கும் இந்த ஆய்வு பெரும் காரணம். மருந்து கிருமியை எட்டுகிறதா, இரு தரப்பையும் பக்கத்தில் வைத்து நீண்ட நாள் பார்த்தாகிவிட்டதா என்ற இரண்டு கேள்விகளையும் சென்னை அன்று உரக்கக் கேட்டது.

அதே இரண்டு கேள்விகளை இன்று கேட்க வேண்டிய இடம் கால் விரல் நகம். நகச்சொத்தை எனும் பூஞ்சை நோய்க்கு ஆன்லைனில் விற்கும் ஒளிக் கருவிகள் உள்ளங்கைக்குள் அடங்குபவை. விரலில் கிளிப் போல மாட்டிக்கொள்ள வேண்டும். 470 நானோமீட்டர் நீல ஒளியும் 905 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் நாளுக்குச் சில நிமிடம் பட்டால் பூஞ்சை ஒழியும் என்பது விளம்பரம். தென்சென்னைப் புறநகரில் இதற்கு வாடிக்கையாளர்கள் இருப்பதில் வியப்பில்லை. வியர்வை, காலையிலிருந்து இரவு வரை கழற்றாத ஷூ, மழைக்காலத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் கணுக்கால் தண்ணீர். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை மட்டும் 49 செ.மீ. ஈரத்தில் ஊறிய விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். கவனிக்காமல் விட்டால் அதை உண்டாக்கும் பூஞ்சையே மெல்ல நகத்துக்குள் நுழையும்.

நுழைந்த பூஞ்சை பெரும்பாலும் நகத்தின் அடியில், நகப்படுக்கையில் குடியிருக்கிறது. மேலே தடித்து மஞ்சளித்த நகம் கூரையாகக் கிடக்கிறது. ஒளி அந்தக் கூரையைத் தாண்ட வேண்டும், தாண்டியபின் பூஞ்சையைக் கொல்லும் வலுவும் மிஞ்ச வேண்டும். மருத்துவமனைகளில் பயன்படும் சக்திவாய்ந்த லேசர்களே இதில் திணறுகின்றன. 2010 முதல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய லேசர்களுக்குத் தந்துவரும் அனுமதியின் வாசகம் கவனிக்கத்தக்கது. ‘தெளிவான நகப்பகுதி தற்காலிகமாகக் கூடும்’ என்பதற்கே அனுமதி. பூஞ்சை குணமாகும் என்பதற்கு அல்ல. அந்த லேசர்களைவிடப் பலமடங்கு வலுக்குறைந்த வீட்டுக் கருவி அதிகமாகச் சாதிக்கும் என்று நம்ப ஆதாரம் வேண்டும்.

ஒளி மருத்துவமே பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு நீல ஒளி இன்றும் முதல் சிகிச்சை. சொரியாசிஸ், வெண்புள்ளி நோயாளிகளுக்கு 311 நானோமீட்டர் புற ஊதா விளக்கு தோல் மருத்துவர்களின் அன்றாடக் கருவி. இவை எல்லாவற்றிலும் ஒளி சேர வேண்டிய இடம் தோல். அங்கே அது சேர்கிறது. சேர்ந்து என்ன செய்கிறது என்பதும் ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது.

ஒளியை நம்பித் தொடங்கிய சௌரிமுத்துவின் மருத்துவமனை 1986-ல் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1993 முதல் எச்ஐவி நோயாளிகளை ஏற்று, நாட்டின் பெரிய எச்ஐவி சிகிச்சை மையங்களில் ஒன்றாக வளர்ந்தது. அதன் பக்கத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. படர்தாமரைக்குச் சீமை அகத்திக் களிம்பு தரும் சித்த மருத்துவமும், நகப் பூஞ்சைக்கு டெர்பினாஃபின் மாத்திரை தரும் நவீன மருத்துவமும் இந்த வட்டாரத்தில் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. டெர்பினாஃபின் நாளுக்கு 250 மில்லிகிராம் வீதம் 12 வாரம் தரப்படும்; ரத்தத்தின் வழியே நகப்படுக்கையை அடையும். கல்லீரல் பரிசோதனை தேவைப்படலாம் என்பதால் மருத்துவர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும்.

கருவி வாங்க நினைப்பவர் அதற்கு முன் நகத்துணுக்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனையைச் செய்துகொள்வது நல்லது. நிறம் மாறிய நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சையால் வருபவை. மீதிக்குச் சொரியாசிஸ், ஷூ அழுத்தம், பழைய அடி என்று வேறு காரணங்கள். சர்க்கரை நோயாளிகள் நகத்தோடு பாதம் முழுவதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கால் பெருவிரல் நகம் அடியிலிருந்து நுனிவரை புதிதாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும். ஆகவே மூன்றே மாதத்தில் எடுத்த ‘முன், பின்’ படங்களைக் காட்டி கருவி விற்கும் எவரிடமும் ஓராண்டுக் கணக்கையும், பூஞ்சை இல்லை என்று சொல்லும் ஆய்வகச் சோதனை முடிவையும் கேட்டு வாங்க வேண்டும்.